கார் கடன் ஏன் மறுக்கப்படுகிறது: வீடு ஒரு மாநிலம், சம்பளம் ஒரு மாநிலம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் கொழிஞ்சாம்பாறையில் வருமான வரிக் கணக்கும் ஜி.எஸ்.டி. கணக்கும் எழுதிக் கொடுப்பது என் தொழில். கார் விற்பனைக்கும் எனக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் கடன் மறுக்கப்பட்டவர்கள் ஷோரூமிலிருந்து பெரும்பாலும் என்னிடம்தான் வந்து சேருகிறார்கள். ‘ஐ.டி. ரிட்டர்னில் இன்கம் கொஞ்சம் கூட்டிப் போட்டு வாங்கிட்டு வாங்க’ என்று அங்கிருக்கும் ஃபைனான்ஸ் ஆள் சொல்லி அனுப்புகிறார். அப்படிக் கூட்டிப் போட முடியாது என்று சொல்லிவிட்டு, வந்தவருடைய காகிதங்களைப் புரட்டி உண்மையான காரணத்தைத் தேடுவது எனக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்த பிறகு இப்படி வருகிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். அவர்களுடைய கோப்புகளைப் பார்த்ததில் எனக்குத் தெரிய வந்தது இதுதான்: எங்கள் பக்கத்தில் சம்பாத்தியம் போதாமல் மறுக்கப்படும் விண்ணப்பங்கள் உண்டு என்றாலும், ஒரே மனிதரின் வீடும் வேலையும் நிலமும் வங்கிக் கணக்கும் இரண்டு மாநிலங்களில் சிதறிக் கிடப்பதால் மறுக்கப்படுபவை அவற்றுக்குக் குறைந்தவை அல்ல.

முதலில் எல்லோரும் சொல்லும் சிபில், அதாவது பழைய கடன்களை எப்படிக் கட்டினோம் என்பதை வைத்துப் போடும் மதிப்பெண்ணும் அதன் அறிக்கையும். இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் 4 இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். மதிப்பெண் 300-இல் தொடங்கி 900 வரை போகும். 750-க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கேள்வி வராது. ஆனால் மதிப்பெண் நன்றாக இருந்தும் கடன் மறுக்கப்பட்டவர்கள் உண்டு என்பதை நம் மக்கள் எளிதில் நம்புவதில்லை. கடன் கொடுப்பவர் அந்த ஒரு எண்ணோடு நிறுத்திக்கொள்வதில்லை. அறிக்கையின் உள்ளே மாதவாரியாகக் கட்டம் கட்டியிருக்கும் கடந்த 36 மாதங்களின் தவணை வரலாற்றையும், ஒவ்வொரு கடனும் எப்படி முடிந்தது என்பதையும் பார்க்கிறார். முழுத் தொகையும் கட்டி முடித்த கடனில் ‘க்ளோஸ்டு’ என்று இருக்கும். பேரம் பேசி, வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி வாங்கிக்கொண்டு ஒரே தடவையில் தீர்த்த கடனில் ‘செட்டில்டு’ என்று இருக்கும். கட்டியவருக்கு இரண்டும் ஒன்றுதான்; இடுப்பில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. கொடுப்பவருக்கோ இரண்டாவது, முழுப் பணமும் திரும்பாத கடன்.

ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான். அத்தை மகன் டிராக்டர் வாங்கும்போது போட்ட கையெழுத்து, அவர் தவணை தவறும் மாதத்தில் நம்முடைய அறிக்கையிலும் நிலுவையாக ஏறும். கையெழுத்துப் போட்டதையே மறந்துபோனவர்கள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்ததுண்டு.

பாலக்காட்டு நெல் விவசாயிகளுக்கு மட்டும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்து வங்கி அதிகாரிகளுக்கு இதை விளக்கிச் சொன்னாலும் புரிவதில்லை. கேரள அரசு நிறுவனமான சப்ளைகோ நெல்லைக் கொள்முதல் செய்துவிட்டு விவசாயிக்கு பி.ஆர்.எஸ். என்ற நெல் ரசீதைக் கொடுக்கிறது. அந்த ரசீதை வங்கியில் கொடுத்தால் பணம் கணக்கில் ஏறும். ஆனால் வங்கி அந்தப் பணத்தைக் கொடுத்த முறை, விவசாயியின் பெயரில் எழுதப்பட்ட கடன். அசலையும் வட்டியையும் திருப்பிக் கட்ட வேண்டியது அரசுத் தரப்பு. அது தாமதமானால் நிலுவை நிற்பதோ விவசாயியின் பெயரில். விளைந்த நெல்லை விற்றுக் காசு வாங்கியதாக நினைத்துக்கொண்டிருப்பவரின் அறிக்கையில், தவணை தவறிய ஒரு வேளாண் கடன் உட்கார்ந்திருக்கும். 2023 நவம்பரில் குட்டநாட்டில் ஒரு விவசாயி உயிரை மாய்த்துக்கொண்டபோது இந்த ஏற்பாடு கேரளம் முழுவதும் விவாதத்துக்கு வந்தது. பி.ஆர்.எஸ். நிலுவையால்தான் அவருக்குப் புதிய கடன் மறுக்கப்பட்டது என்று ஒரு தரப்பும், பழைய கடனை ஒருமுறைத் தீர்வில் முடித்ததுதான் காரணம் என்று அரசுத் தரப்பும் வாதிட்டன. எந்தத் தரப்பு சொன்னது சரி என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் நெல் கொடுத்தவர் கார் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் தன் அறிக்கையை எடுத்துப் பார்த்து, பி.ஆர்.எஸ். கணக்கு முடிந்திருக்கிறதா என்று அந்த வங்கிக் கிளையில் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்று எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதி விவசாயிகளிடம் சொல்லி வருகிறேன்.

கடனே வாங்காதவருக்கு மதிப்பெண்ணும் இருக்காது. இதைப் பெருமையாகச் சொல்லும் பெரியவர்கள் இங்கே நிறைய. வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. நடைமுறையில் அவர்களிடம் முன்பணத்தைக் கூட்டிக் கேட்கிறார்கள், அல்லது மகனையோ மகளையோ இணை விண்ணப்பதாரராகச் சேர்க்கச் சொல்கிறார்கள்.

அடுத்தது வருமானம். இங்கே நடக்கும் கணக்கு மிக எளியது. ஆனால் ஷோரூமில் யாரும் அதைப் போட்டுக் காட்டுவதில்லை. கைக்கு வரும் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைகளுக்குப் போகக் கூடாது என்பது பெரும்பாலான இடங்களில் இருக்கும் அளவுகோல். சில நிறுவனங்கள் 40 விழுக்காட்டிலேயே நிறுத்திக்கொள்ளும், சம்பளம் கூடியவர்களுக்கு 60 வரை விடுவதும் உண்டு. ஒருவருக்குக் கையில் ₹36,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி ₹18,000. வீட்டுக் கடனுக்கு ₹8,000, பைக்குக்கு ₹3,000 ஏற்கெனவே போகிறது. மிச்சம் ₹7,000. அவர் கேட்பது ₹8 லட்சம். 9 விழுக்காடு வட்டியில் 7 ஆண்டுக்கு அதன் தவணை ஏறத்தாழ ₹12,870, ஐந்தாண்டில் முடிக்க நினைத்தால் ₹16,600-ஐத் தாண்டும். அவருடைய ₹7,000-க்கு 7 ஆண்டுக் கணக்கில்கூட ஏறத்தாழ ₹4.35 லட்சம்தான் கிடைக்கும். சிபில் 800 இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பைக் கடனை முதலில் அடைத்துவிட்டு, அது முடிந்ததாக அறிக்கையில் ஏறிய பிறகு விண்ணப்பித்தால் அந்த ₹3,000 திரும்ப இடத்துக்கு வரும். அப்போதும் மீதியை முன்பணமாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

கடைக்காரர்களின் பாடு வேறு. சிறு வியாபாரிகள் பலர், முழுக் கணக்குப் புத்தகம் எழுதாமல் லாபத்தை உத்தேசமாகக் காட்ட விடும் பிரிவில் (1961 வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி) விற்றுமுதலில் 8 விழுக்காட்டை, வங்கி வழி வந்த விற்பனைக்கு 6 விழுக்காட்டை, லாபமாகக் காட்டிக் கணக்கு முடிக்கிறார்கள். அது குறைந்தபட்ச அளவு. அதற்கு மேல் லாபம் நின்றால் மேலே காட்டுவதுதான் முறை. ஆண்டுக்கு ₹30 லட்சம் விற்கும் பலசரக்குக் கடைக்காரர் ₹2.4 லட்சம் வருமானம் காட்டியிருக்கிறார் என்றால், கடன் கொடுப்பவரின் கண்ணுக்கு அவர் மாதம் ₹20,000 சம்பாதிக்கும் மனிதர். “மாசம் அம்பதாயிரம் நிக்குதுங்க சார், கல்லாவுல வந்து பாக்கச் சொல்லுங்க” என்று என்னிடம் சொல்லிப் பயனில்லை. இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன்: கடன் வேண்டும் என்று முடிவான பிறகு இரண்டு ஆண்டுகளின் ரிட்டர்னையும் ஒரே வாரத்தில் தாக்கல் செய்துவிட்டுப் போவார்கள். ஒப்புகைச் சீட்டில் தாக்கல் செய்த தேதி அச்சாகியிருக்கும். கோப்பைப் பார்ப்பவர் முதலில் பார்ப்பதே அந்தத் தேதியைத்தான். வருமானம் உண்மையாகவே இருந்தாலும், கடனுக்காகச் செய்த கணக்கு என்ற எண்ணம் அங்கே விழுந்துவிடுகிறது.

விவசாயிகளிடம் வருமானம் இருக்கிறது, காகிதம் இல்லை. தென்னந்தோப்பைக் கள் இறக்கக் குத்தகைக்கு விட்டவருக்கு மரக்கணக்கில் பணம் ரொக்கமாக வருகிறது. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது என்பதால் ரிட்டர்ன் போடும் பழக்கமும் இல்லை. பால் ஊற்றுகிறவர்களின் நிலை இதைவிட மேல். சங்கத்திலிருந்து பணம் வங்கிக் கணக்குக்கே வருவதால் காட்டுவதற்கு ஒரு ஸ்டேட்மென்ட் இருக்கும். நில ஆவணத்தில் மாநில எல்லைச் சிக்கல் மறுபடி வருகிறது. பொள்ளாச்சிக் கிளையின் பட்டியலில் பட்டா, சிட்டா, அடங்கல் என்று அச்சடித்திருக்கும். கேரளப் பக்கத்து எருத்தேம்பதிக்காரரிடம் இருப்பதோ ‘ஆதாரம்’ என்று மலையாளத்தில் எழுதிய நிலப் பத்திரமும், வில்லேஜ் ஆபீஸில் கரம் என்ற நில வரி கட்டிய ரசீதும், நிலம் கைவசம் இருப்பதைச் சொல்லும் பொசெஷன் சர்டிபிகேட்டும். அவை சட்டப்படி முழுச் செல்லுபடியானவை. ஆனால் பட்டியலில் உள்ள மூன்றும் இல்லாததால் ‘ஆவணங்கள் முழுமையாக இல்லை’ என்று கோப்பு திரும்பிவிடும். இதே ஆவணங்களோடு சித்தூரிலோ பாலக்காட்டிலோ உள்ள கிளைக்குப் போனால் அந்தக் கேள்வியே எழாது.

இனி, எங்கள் ஊர்களுக்கே உரிய காரணத்துக்கு வருகிறேன். எல்லை ஊர்களான வேலந்தாவளத்துக்கும் கோபாலபுரத்துக்கும் இந்தப்புறம் கேரளத்தில் வீடும், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலோ கிணத்துக்கடவிலோ வேலையும் உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். காலையில் டிஃபன் டப்பாவோடு மாநில எல்லையைக் கடந்து, இரவு சோற்றுக்குத் திரும்பிவிடும் இந்த வாழ்க்கையில் அவர்களுக்கு வினோதமாக எதுவும் இல்லை. கடன் நிறுவனங்களோ ஒவ்வொரு கிளைக்கும் இத்தனை கிலோமீட்டர் என்று ஓர் எல்லை வைத்திருக்கின்றன. அதற்கு வெளியே இருந்தால் ‘ஓ.ஜி.எல்.’ (கிளையின் எல்லைக்கு வெளியே) என்று மூன்றெழுத்து எழுதி மூடிவிடுவார்கள். கோயம்புத்தூர்க் கிளைக்கு வேலை எல்லைக்குள், வீடு வெளியே. பாலக்காட்டுக் கிளைக்கு வீடு உள்ளே, வேலை வெளியே. ஒருவர் மாநில எல்லைக்கு மிக அருகில் இருப்பதால் இரண்டு கிளைகளுக்குமே தூரமாகிப் போகிறார்.

எல்லைக்குள் எடுத்துக்கொண்டாலும் நேரில் வந்து விசாரிக்கும் எஃப்.ஐ. என்ற படி ஒன்று இருக்கிறது. ஒழலப்பதிப் பக்கம் ஒரு ஃபிட்டருக்கு நடந்ததைச் சொல்கிறேன். விசாரிக்கும் பையன் கோயம்புத்தூரிலிருந்து பைக்கில் வந்தபோது பகல் பதினொரு மணி. ஃபிட்டரின் மனைவியும் வேலைக்குப் போகிறவர்; வீடு பூட்டியிருந்தது. பையன் கதவைப் படம் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுத் திண்ணையில் தேங்காய் நார் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், “இந்த வீட்டுக்காரர் இங்கதான் குடியிருக்காரா பாட்டி?” என்று கேட்டிருக்கிறான். அந்த அம்மா, “அவுரு எங்க கண்ணு இங்க இருக்கறாரு, எந்நேரமும் கோயமுத்தூர்லதான்” என்று சொல்லிவிட்டார். வேலைக்குப் போயிருக்கிறார் என்பதுதான் அவர் சொன்னதன் பொருள் என்று இந்த ஊர்க்காரர் யாருக்கும் சொல்லாமலே விளங்கும். அறிக்கையில் ‘விண்ணப்பதாரர் கொடுத்த முகவரியில் வசிக்கவில்லை, அக்கம்பக்கத்தில் உறுதி செய்யப்பட்டது’ என்று ஏறியது. ஃபிட்டருக்குச் சொல்லப்பட்ட காரணம் ‘ப்ரொஃபைல் மேட்ச் ஆகலை’ என்பது மட்டும். அவர் தன் சிபிலில் ஏதோ குறை என்று நினைத்துப் பல வாரங்கள் அலைந்தார். பிறகு சம்பளக் கணக்கு இருக்கும் அதே வங்கியின் பாலக்காடு மாவட்டக் கிளையில், ஆறு மாதச் சம்பள வரவும் கம்பெனி கொடுத்த வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16-உம் மனைவியை இணை விண்ணப்பதாரராகவும் வைத்துக் கொடுத்தார். விசாரணைக்கு வரும் நாளை முன்கூட்டியே போன் செய்து சொல்லச் சொல்லி, அன்று அரை நாள் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தார். கடன் கிடைத்தது. வருமானமும் மதிப்பெண்ணும் முதல் தடவை என்னவோ அதுவேதான்.

பெயரும் ஒரு காரணம். கேரளப் பள்ளிச் சான்றிதழில் ஆறுமுகன் என்று எழுதப்பட்டவர், கோயம்புத்தூர்க் கம்பெனிச் சம்பளச் சீட்டில் ஆறுமுகம் ஆகிவிடுகிறார். ஆதாரில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். பான் அட்டையில் அது முழுப் பெயராக விரிந்து, குடும்பப் பெயர் போலப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். கணினி இதைப் பொருத்திப் பார்த்து, பொருந்தவில்லை என்று தள்ளிவிடுகிறது. இதைவிட மோசமானது, ஒரே பெயரும் பள்ளிச் சேர்க்கைக்காக எழுதிய ஒரே பிறந்த தேதியும் உள்ள வேறொருவரின் கடன் நம் அறிக்கையில் வந்து சேருவது. ஆதாரையும் பானையும் ஒரே எழுத்தில் கொண்டுவருவது சலிப்பான வேலைதான். கார் பார்க்கப் போவதற்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும்.

பதிவு எண் குறித்தும் ஒரு வார்த்தை. வண்டி வழக்கமாக எங்கே நிறுத்தப்படுகிறதோ அந்த மாநிலத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு. வரி வித்தியாசத்துக்காகப் புதுச்சேரி முகவரி வாங்கிப் பதிவு செய்த கேரளத்துக் கார்கள் 2017-இல் பெரிய வழக்குகளாக மாறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. கோயம்புத்தூரில் உள்ள மாமன் வீட்டு முகவரியைக் கொடுத்துத் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவரின் விண்ணப்பம், சிபில் அறிக்கையில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் கேரள முகவரியோடு மோதுகிறது. வங்கி இதைத் தந்திரமாகப் பார்க்காது, மோசடிக்கான அறிகுறியாகப் பார்க்கும்.

பழைய கார் என்றால் மறுப்பு இன்னும் எளிது. பொள்ளாச்சிச் சந்தையில் விலை படிந்த டி.என். 41 வண்டியைச் சித்தூருக்குக் கொண்டுவந்து கே.எல். 70 ஆக்க வேண்டுமானால், அங்கிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். அது முடியும் வரை தன் அடமானத்தை ஆர்.சி.யில் ஏற்ற வழியில்லாத நிறுவனம் பணத்தை விடுவிக்கத் தயங்கும். முந்தைய உரிமையாளர் கடனைக் கட்டி முடித்தும் படிவம் 35 கொடுத்து அடமானப் பதிவை நீக்காமல் விட்டிருந்தால் கதை அங்கேயே நிற்கும். கடன் முடியும் நாளில் வண்டிக்கு 10 வயதைத் தாண்டக் கூடாது என்பதும் பல இடங்களில் விதி; ஆறு வயது வண்டிக்கு ஐந்தாண்டுக் கடன் கேட்டால் கணக்கு உதைக்கும்.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு கோப்பை எந்த இடம் எடுத்துக்கொள்ளும் என்று யோசிக்காமல், ஷோரூமில் ஒரே நாளில் நாலைந்து நிறுவனங்களுக்கு ‘லாகின்’ செய்துவிடுகிறார்கள், அதாவது விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் அறிக்கையைத் திறந்து பார்க்கிறது; ஒவ்வொரு பார்வையும் அதில் பதிவாகிறது. நாமே நம் அறிக்கையைப் பார்த்தால் மதிப்பெண் குறையாது. கடன் விண்ணப்பத்துக்காக நிறுவனங்கள் அடுத்தடுத்துப் பார்த்தால் குறையும். அதைவிட முக்கியமாக, ஐந்தாவதாகப் பார்ப்பவர் முதல் நால்வர் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார். விண்ணப்பதாரரின் கையெழுத்தோடு ஒரு தொகுப்பை ஷோரூமில் கொடுக்கும்போது, எங்கெங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டு, ஒன்றின் பதில் வந்த பிறகே அடுத்ததற்கு அனுப்பச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

மறுப்பு வந்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்தத் தொகைக்கான கடனானாலும் நிராகரித்தால் அதன் முக்கியக் காரணங்களை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007 மார்ச்சில் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ஷோரூம் ஆள் வாயால் சொல்வது காரணம் ஆகாது. அவருக்கே பாதி நேரம் தெரியாது. கூடவே, ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டிய முழு அறிக்கையை நான்கிலும் வாங்கிப் பாருங்கள். ஒன்றில் இல்லாத தவறு மற்றொன்றில் இருக்கும். தவறு தென்பட்டால் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே முறையிடலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 தொடக்கத்திலிருந்து கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பதால், அடைத்த கடன் அறிக்கையில் ஏறப் பழையபடி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. வங்கியிடம் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி இணையம் வழியாகவே போகலாம். அங்கே போகும்போது முதலில் கொடுத்த புகாரின் நகலும், அது வங்கியில் சேர்ந்ததற்கான அத்தாட்சியும் கையில் இருக்க வேண்டும். அதனால் புகாரைக் கவுன்ட்டரில் வாயால் சொல்லாமல், மின்னஞ்சலிலோ முத்திரையிட்டுத் தரும் கடிதத்திலோ கொடுங்கள்.